சுண்ணாம்புச் சுவரும் பதினோரு சேலையும்

தொப்!

கேட்டுக்கு உள்பக்கம் ஏதோ விழுந்த சத்தத்தில், வாசலில் படுத்திருந்த நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. அடுப்படியில் இருந்த இந்துமதி கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வருவதற்குள், பார்சலை மதிலுக்கு மேலாக வீசிய ஆள் பைக்கைத் திருப்பி, துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு நடுவே மறைந்துவிட்டான்.

சாக்கு மூட்டை அளவுக்கு இருந்தது பார்சல். மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் கவர். இந்துமதிக்கு மூச்சு வந்தது. மூன்று நாளாக இதோ வருகிறது, அதோ வருகிறது என்று போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்த பார்சல், கோயில் கொடைக்கு ஒரே ஒரு நாள் மிச்சம் வைத்து வந்து சேர்ந்துவிட்டது.

முத்தையாபுரத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் முத்தாரம்மன் கோயில் கொடையில் முளைப்பாரி எடுக்கும்போது, குடும்பத்துப் பெண்கள் பதினோரு பேரும் ஒரே மாதிரி சேலை கட்டி வரிசையாக நடக்க வேண்டும். அந்தச் சேலையை எடுக்கிற பொறுப்பு வருஷத்துக்கு ஒரு மருமகளுக்கு. ‘சேலை முறை’ என்று அதற்குப் பெயர். எடுத்த சேலை நன்றாக அமைந்துவிட்டால் அந்த வருஷத்துக்கே அதன் பெயர் நிலைத்துவிடும். மூத்த மருமகள் முருகேஸ்வரி எடுத்தது ‘மாம்பழக் கலர் வருஷம்’. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிப் பேசுவார்கள். ஆனால் சின்ன மாமா மருமகள் தங்கம் எடுத்தது? பாவம், ‘சாயம் போன வருஷம்’. அவள் மகன் காலேஜுக்கே போய்விட்டான், அந்தப் பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

இந்த வருஷம் இந்துமதியின் முறை. முதல் முறை. மறுபடி அவளுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும்.

“நம்ம டவுன் கடையிலயே எடுத்துருவோம்ளா. நான் ஒரு போன் போட்டாப் போதும்” என்று முருகேஸ்வரி அப்போதே சொன்னாள். இந்துமதிதான் கேட்கவில்லை. டவுனில் கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கிற ஆபீஸில் இருக்கிறவள் அவள். எந்த நாட்டிலிருந்து எந்தச் சாமான் வந்தாலும் பேப்பரைப் பார்த்து வெளியே எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, போனில் ஒரு சேலை எடுப்பது பெரிய காரியமா? சந்தன நிறம், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கரை, பட்டு போல மினுமினுப்பு. படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் ஒன்பது பேர் கைதட்டுகிற பொம்மை அனுப்பினார்கள். முருகேஸ்வரி மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை.

இந்துமதி கத்தரிக்கோலால் கவரைக் கிழித்தாள். முதல் சேலையை உருவி உதறினாள்.

வெள்ளை.

சந்தனமும் இல்லை, மஞ்சளும் இல்லை. பலமுறை துவைத்த ஆஸ்பத்திரிப் போர்வை போல அழுக்கு வெள்ளை. மினுமினுப்பைக் காணோம். உள்ளங்கை அகலம் என்ற சிவப்புக் கரை, சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு நாடாவாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதைப் பிரித்தாள். அதுவும் அப்படியே. பதினொன்றும் அப்படியே.

அம்மனுக்கு முளைப்பாரி எடுக்க வெள்ளைச் சேலையா?

“பார்சல் வந்துட்டு போலிருக்கே!”

பக்கத்து வீட்டிலிருந்து முருகேஸ்வரி வந்துவிட்டாள். லாரிக்கும் கப்பலுக்கும் கயிறு, தார்ப்பாய் விற்கிற சிவனாண்டியின் மனைவி. கடையில் புருஷன் பேசுகிற பேச்சையும் சேர்த்து வீட்டில் இவள் பேசுவாள். தரையில் கிடந்த கவரைப் பார்த்தாள். சேலையைப் பார்க்கவில்லை, கவரைத்தான் பார்த்தாள்.

“இந்தப் பூப்போட்ட கவரா? செத்தம் போ. முந்தியில அந்த நாடாவை லேசா இழு, கையோட வந்துரும் பாரு.”

இந்துமதி இழுத்தாள். நாடா கையோடு வந்தது.

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“இதெல்லாம் பாத்தாத் தெரியாதா?” முருகேஸ்வரி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். “கப்பல் கப்பலா சரக்கு இறக்குதவளுக்கு ஒரு சேலைப் பார்சலை ஒழுங்கா இறக்கத் தெரியலையே. சரி விடு. நான் டவுன் கடைக்குப் போன் போடுதேன். சாயங்காலத்துக்குள்ள பதினோரு சேலை வீட்டுக்கு வந்துரும்.”

சொன்ன வார்த்தையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று இந்துமதிக்குத் தெரியும். ‘இந்துமதி முறையில நான்தான் எடுத்துக் குடுத்தேன்’ என்று முருகேஸ்வரி ஆயுசு முழுக்கச் சொல்வாள். வருஷத்துக்குப் பெயர் கூட தயாராக இருக்கும்: ‘வெள்ளைச் சேலை வருஷம்’.

“வேண்டாம்க்கா” என்றாள் இந்துமதி. “என் முறை. நானே பாத்துக்கிடுதேன்.”

“எதை வச்சுப் பாப்ப?”

இந்துமதி கையோடு வந்த நாடாவை விரலில் சுற்றினாள்.

“சரி. நீ என்னமும் பண்ணு. நான் என் பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு வாரேன். வெள்ளையைச் சுத்திக்கிட்டு நான் அம்மன் முன்னால நிக்க மாட்டேன்.”

மூத்தவள் வேறு சேலை கட்டினால் முறையே குலைந்த மாதிரிதான். முருகேஸ்வரி போன பிறகும் அந்த வார்த்தை வாசலிலேயே நின்றது.

திருப்பி அனுப்பலாம் என்று போனைத் தட்டிப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குள் ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்று சிரித்த முகத்தோடு பதில் வந்தது. ஒரு வாரம்! அம்மன் கொடையைத் தள்ளி வைப்பாளா?

ஆபீஸில் இப்படித் தப்பான சரக்கு வந்து இறங்கினால் அவர்கள் முதலில் செய்கிற வேலை, கத்துவது இல்லை. வந்திருப்பது என்ன என்று பார்ப்பது. இந்துமதி ஒரு சேலையைக் குழாயடிக்கு எடுத்துப் போய் ஓரத்தை நனைத்தாள். துணி தண்ணீரைச் சர்ரென்று குடித்தது. நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினாள். உருகவில்லை, காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர்ந்தது.

“சுத்தப் பருத்தி!” என்று வாய்விட்டுச் சொன்னாள். “நல்லவேளை, ஏமாத்துனவன் பருத்தியில ஏமாத்தியிருக்கான்.”

பருத்தி சாயம் பிடிக்கும். அம்மனுக்கு உகந்த சாயம் எது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

மளிகைக் கடை அண்ணாச்சி தராசைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். “என்னம்மா இம்புட்டு மஞ்சத்தூள்? ஊருக்கே மஞ்சத்தண்ணி ஊத்தப் போறியளா?”

“இல்ல அண்ணாச்சி, பதினோரு பேருக்கு மட்டும். கூடப் படிகாரமும் குடுங்க, சாயம் நிக்கணும்.”

மறுநாள் ஆபீஸுக்கு லீவு. கோயில் சமையல்காரர்களிடம் கேட்டு வாங்கிய பெரிய அண்டா மொட்டைமாடியில் கொதித்தது. புருஷன் செந்தில்முருகன் கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவனைத் தூங்க விடாமல், “ஏங்க, கொடை பார்க்க எல்லாரும் நம்ம மாடிக்குத்தான் வருவாங்க. கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடிங்க” என்று சுண்ணாம்பு வாளியைக் கையில் கொடுத்திருந்தாள்.

நாத்தனார் முத்துக்கனி விடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். துடுப்பு போன்ற கரண்டியால், நாடாவை உருவிவிட்ட சேலைகளைப் புரட்டிப் புரட்டிக் கொதிக்க வைத்தவள், ஒன்றைத் தூக்கிப் பார்த்துக் கூவினாள்.

“மதினி! இங்கன பாருங்க! கொன்றைப்பூ கெட்டுது போங்க!”

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள். ஒவ்வொன்றாகப் பிழிந்து கஞ்சியில் முக்கிக் கொடியில் போட்டார்கள். ஆனாலும் இந்துமதிக்கு மனம் ஆறவில்லை. வெறும் மஞ்சள். கரை இல்லாத சேலை, புருவம் இல்லாத முகம் மாதிரி இருந்தது.

“சிவப்பு நாடா வாங்கித் தைச்சிரலாமா?” என்றாள் முத்துக்கனி.

“பதினோரு சேலைக்கா? மிஷின் இருந்தாலும் ராத்திரிக்குள்ள முடியாது. அதுவும் பாக்க ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்.”

பேசிக்கொண்டே இருந்தபோது கொடி நிறைந்துவிட்டது. முத்துக்கனி கடைசிச் சேலையைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர் மேல் விசிறிப் போட்டாள்.

“ஏளா முத்து, அங்கன போடாத! சுண்ணாம்பு ஈரம்!” செந்தில்முருகன் கத்திக்கொண்டே சுண்ணாம்பு மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

ஓடி வந்து தூக்கியும் பயன் இல்லை. சுவரில் பட்ட இடமெல்லாம், முந்தானைக்குக் குறுக்கே, வெட்டுக்காயம் போல ரத்தச் சிவப்பு.

“ஐயையோ!” முத்துக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். “மதினி, கெடுத்துட்டேன். சேலையைக் கெடுத்துட்டேனே!”

இந்துமதி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை மணமக்களுக்கு ஆரத்தி சுற்றியிருக்கிறாள்! மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது தட்டில் இருக்கும்போதுதான் தெரியும்; சேலையில் என்று வந்தபோது யாருக்கும் தோன்றவில்லை.

“அழாத முத்து” என்றாள். “கரை வந்துட்டு.”

“என்னது?”

“ஏங்க, சுவருக்கு இன்னொரு கை சுண்ணாம்பு அடிங்க. கெட்டியா. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் கட்டிக்கிடுங்க. நூலுக்குக் கீழ மட்டும் சுண்ணாம்பு இருக்கணும். கோடு கோணுச்சுன்னா உங்களுக்குக் காப்பி கிடையாது.”

செந்தில்முருகன் சுவரையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான். “அப்ப நான் சுவருக்கு அடிக்கல, சேலைக்கு அடிக்கேன்!”

வீட்டின் முன்பக்கச் சுவர் நல்ல நீளம். ஈரச் சேலையின் ஓரத்தை நூலோடு நூலாகப் பிடித்து, சுண்ணாம்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் படிய வைத்து, கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நீவி விட்டார்கள். எடுத்தபோது ஓரம் நெடுக ஒரே சீராக அரக்குச் சிவப்பு ஓடியது. மஞ்சள் முடிகிற இடமும் சிவப்பு தொடங்குகிற இடமும் அளந்து பிரித்தது போல் இருந்தது.

மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். செந்தில்முருகன் அங்கே கையைக் காட்டினான். “சரக்கு இறக்குன கப்பலைப் பாரு. மேல ஒரு கலரு, கீழ சிவப்பு. உன் சேலை கப்பலேதான்.”

“கப்பல் இம்புட்டு அழகா இருந்தா நாங்க டாக்குமெண்டே கேக்க மாட்டோம்” என்றாள் இந்துமதி.

ஒவ்வொரு சேலைக்கும் அவன் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தான். நிழலில் காய்ந்து உதறியதும் வெள்ளைப் பொடி பறந்தது, சிவப்பு நின்றது. கையில் கறை போக முத்துக்கனி எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள். ஒரு சொட்டு கரையில் தெறித்தது. தெறித்த இடம் மறுபடியும் மஞ்சளாகிவிட்டது.

“மதினி! எலுமிச்ச பட்டா கரை காணாமப் போயிருது!”

“அப்ப நாளைக்கு யாரும் பானகம் குடிக்கக் கூடாது. அதுல எலுமிச்சதான் பிழியுவாங்க. எல்லாருக்கும் சொல்லிரு.”

காயம்பட்ட அந்தச் சேலையை இந்துமதி தனக்கு எடுத்துக்கொண்டாள். இருப்பதிலேயே கோடு நேராக விழுந்த சேலையை மடித்து, தனியாக ஒரு பையில் வைத்தாள். அது யாருக்கென்று முத்துக்கனிக்குத் தெரியும். உதட்டைச் சுழித்தாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, கொடை நாள். மேளம் தெருமுனைக்கு வந்தபோது பத்துப் பேர் கோயில் வாசலில் வரிசையாக நின்றார்கள். கஞ்சி போட்ட விறைப்பில் கொசுவம் விசிறி போல நின்றது. தலைக்கு மேல் பச்சை முளைப்பாரி, உடம்பில் மஞ்சள், காலருகே சிவப்பு. செண்டை அடிக்க வந்தவர்களே ஒரு அடி தப்பவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

முருகேஸ்வரி சொன்னபடியே ஊதாப் பட்டில் வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். பத்துச் சேலையையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

அதற்குள் எதிர்த்தெரு மாரிராஜ் வீட்டம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு குடும்பத்துக்கும் கொடையென்றால் போட்டிதான். யார் மேளம் சத்தம், யார் பந்தல் உயரம், யார் சேலை நிறம்.

“முருகேஸ்வரி, இது எந்தக் கடையில எடுத்தது? டவுன்ல ஒரு கடை பாக்கி விடாம ஏறி இறங்கினேன், இப்படி ஒரு கலரு கண்ணுல படலையே! தறியில சொல்லி நெய்ஞ்சியளா?”

முருகேஸ்வரி வாயைத் திறக்குமுன் அவளே அடுத்ததைக் கேட்டாள். “அது சரி, நீ ஏன் வேற கட்டியிருக்க? வீட்டுக்குள்ள எதுவும் மனஸ்தாபமா?”

எல்லோரும் முருகேஸ்வரியைப் பார்த்தார்கள். ‘அது ஆன்லைன்ல வந்த வெள்ளைத்துணி’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிர்த்தெரு வழியாக அது ஊரின் மறுகோடியில் இருக்கிற திரேஸ்புரம் வரைக்கும் போய்விடும்.

முருகேஸ்வரி தலையை நிமிர்த்தினாள்.

“மனஸ்தாபமா? எங்க வீட்டுலயா? மூத்தவ கடைசியாத்தான் கட்டணும். அது எங்க முறை, உங்களுக்குத் தெரியாது” என்றாள் கணீரென்று. அப்படி ஒரு முறை இருப்பது அந்தக் குடும்பத்துக்கே அப்போதுதான் தெரிந்தது. “கடையில எல்லாம் இது கிடைக்காது. எங்க இந்துமதி எடுத்த சேலை. போய்க் கடை கடையாத் தேடிப் பாரு.”

பிறகு இந்துமதி பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். “என் சேலை எங்கன இருக்கு?”

இந்துமதி பையை எடுத்துக் கொடுத்து, “மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டதுக்கா, பானகம் மட்டும் பட்டுராமப் பாத்துக்கிடுங்க” என்றாள் காதோரமாக.

கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் மாற்றிக்கொண்டு முருகேஸ்வரி வந்தபோது, பதினோரு பேரும் ஒரே அலையாக நகர்ந்தார்கள். மாடிகளில் இருந்து போன்கள் நீண்டன. குழந்தைகள் கூடவே ஓடினார்கள். இந்துமதியின் முந்தானையில் குறுக்கே கிடந்த அந்தக் காயத்தைத்தான் நிறையப் பேர் கேட்டார்கள். “உங்களுக்கு மட்டும் தனி டிசைனா?” என்று ஒரு பெண் பொறாமையோடு தொட்டுப் பார்த்தாள்.

பாதி வழியில் பானகக்காரன் செம்பை நீட்டிக்கொண்டு வந்தான். இந்துமதி வாயெடுப்பதற்குள் முன்னால் போன முருகேஸ்வரியின் குரல் மேளத்தையும் மீறிக் கேட்டது.

“ஏலே, தள்ளிப் போலே! எங்க கரையில சிந்திராத!”

முத்துக்கனியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலையில் இருந்த முளைப்பாரி குலுங்கியது.

முளைப்பாரியை அம்மன் முன் இறக்கி வைத்தபோது, பந்தலடியில் நின்ற பெரியவர்கள் பேசிக்கொண்டது இந்துமதியின் காதில் விழுந்தது. “இந்த வருஷம் மஞ்சச்சேலை வருஷம்டே.” “சும்மா மஞ்சச்சேலை இல்லை, இந்துமதி எடுத்த மஞ்சச்சேலை.” அவள் தலை தானாக நிமிர்ந்தது. வியர்வையில் கழுத்து, கை எல்லாம் மஞ்சள் இறங்கியிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

கூட்டம் சோற்றுப் பந்தலுக்கு நகர்ந்தபோது, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை அவளைப் பிடித்து இழுத்தது. முருகேஸ்வரி. என்ன குறை சொல்லப் போகிறாளோ என்று இந்துமதி பதிலைத் தயார் செய்துகொண்டாள். முருகேஸ்வரி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, மஞ்சள் ஒட்டிய தன் விரலை உதட்டில் வைத்துச் சொன்னாள்:

“மஞ்சள் எம்புட்டு, சுண்ணாம்பு எம்புட்டுன்னு சத்தம் போடாம சொல்லுளா. அதே பூப்போட்ட கவருல வந்த சேலை ஒண்ணு, உங்க அத்தானுக்குக் கூடத் தெரியாம ரெண்டு வருஷமா என் பீரோவுக்கு அடியில கிடக்கு.”